நெட்வொர்க் பாதுகாப்பு, மென்பொருள் எழுதும் வேலை: கடலூர், புதுச்சேரிப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கடலூரில் வீடு, புதுச்சேரியில் வேலை என்று பல வருஷமாக ஓடுகிறது. நெட்வொர்க்கைக் காவல் காப்பதும் அதற்கு வேண்டிய மென்பொருளை எழுதுவதும்தான் பிழைப்பு. மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர், லாஸ்பேட்டை, காலாப்பட்டு என்று எந்தப் பக்கம் போனாலும் பிள்ளைகளும் பெற்றோரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். எழுதி வைத்தால் நிதானமாகப் படிப்பார்களே என்று இதைத் தொகுத்தேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

அண்ணா, நெட்வொர்க் செக்யூரிட்டினா ஹேக்கிங்தானே? ஆபீஸ்ல நாள் முழுக்க என்னதான் செய்வீங்க?

உடைத்துப் பார்ப்பது இந்த வேலையில் சின்னப் பகுதி. மீதி எல்லாம் பராமரிப்பு. எத்தனை மெஷின் இருக்கிறது, எந்த போர்ட் (இணைப்பு உள்ளே வரும் எண்ணிட்ட வாசல்) திறந்திருக்கிறது, யாருக்கு எதுவரை அனுமதி, போன மாதம் வந்த பேட்ச் (ஓட்டையை அடைக்கும் திருத்தம்) போட்டாயிற்றா, பேக்கப் எடுத்தது திரும்ப வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒரு காலை வேலையைக் கிட்டத்தில் காட்டுகிறேன். இணையத்தைப் பார்த்து நிற்கும் லினக்ஸ் சர்வரில் யார் உள்ளே நுழையப் பார்த்தார்கள் என்று பதிந்துவைக்கும் ஆத் லாக் என்ற கோப்பைத் திறந்தால், 'ஃபெயில்டு பாஸ்வேர்டு ஃபார் ரூட்' (முழு அதிகாரமுள்ள ரூட் கணக்குக்குத் தவறான கடவுச்சொல்) என்ற வரி பக்கம் பக்கமாக ஓடும். ஒவ்வொரு வரியிலும் வேறு வேறு நாட்டு ஐபி முகவரி. உலகத்தில் 22-ஆம் போர்ட் திறந்திருக்கிற எல்லா சர்வருக்கும் இது நடக்கிறது, பதற வேண்டியதில்லை. ஆனால் நடுவில் ஒரே ஒரு வரி, ராத்திரி 2 மணிக்கு, கணக்குப் பிரிவில் இருக்கிறவர் பெயரில் 'அக்செப்டட்' என்று இருந்தால் நிமிர்ந்து உட்கார வேண்டும். அவர் சாயங்காலமே வீட்டுக்குப் போயிருப்பார். அந்த ஒரு வரியைக் கண்டுபிடிப்பதும், அது ஏன் வந்தது என்று தேடி எழுதுவதும்தான் வேலை.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தகவல் ரகசியமாக இருக்க வேண்டும், மாறாமல் இருக்க வேண்டும், கேட்கும்போது கிடைக்க வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்ததுதான் பாதுகாப்பு. மூன்றாவதை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியபோது கரண்ட் இல்லாமல் நாள்கணக்கில் கிடந்தோம். சர்வர் ஹேக் ஆகாவிட்டாலும், ஓடாத சர்வரால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை.

டெவலப்பர் லைன் வேற, செக்யூரிட்டி லைன் வேறதானே? ரெண்டுல எதைப் பிடிக்கிறது?

கம்பெனியில் நாற்காலி இரண்டாக இருக்கலாம். தலைக்குள் இரண்டையும் பிரித்து வைக்காதீர்கள். நிரல் எழுதத் தெரியாத பாதுகாப்புக்காரர், யாரோ எழுதிக்கொடுத்த கருவியின் சிவப்பு, பச்சை விளக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார். நெட்வொர்க் தெரியாத டெவலப்பர், தன் நிரலுக்கு வரும் எல்லா உள்ளீட்டையும் நம்பிவிடுவார்.

2024 மார்ச்சில் நடந்தது இதற்கு நல்ல சாட்சி. எக்ஸ்இசட் என்ற சுருக்கும் மென்பொருளுக்குள் யாரோ இரண்டு வருஷத்துக்கும் மேலாகப் பொறுமையாக நல்லவர் போல வேலை செய்து, ஒரு கள்ள வாசலை நுழைத்துவிட்டார்கள். அது பரவியிருந்தால் எத்தனையோ லினக்ஸ் சர்வர்கள் திறந்து கிடந்திருக்கும். கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்கு நிரல் எழுதுகிறவர். எஸ்எஸ்எச் (தூரத்திலிருந்து சர்வருக்குள் போகும் முறை) உள்நுழைவு வழக்கத்தைவிட அரை நொடி தாமதமாகிறதே என்று உறுத்தி, தோண்டிப் பார்த்தார். அரை நொடி உறுத்த வேண்டும் என்றால் அது சாதாரணமாக எப்படி ஓடும் என்று கைக்குப் பழகியிருக்க வேண்டும். நான் பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: முதலில் அது ஒழுங்காக எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

நான் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ்தான். எஞ்சினியரிங் இல்லையே, எடுப்பாங்களா?

எடுப்பார்கள். சில பெரிய கம்பெனிகள் வளாகத் தேர்வில் பி.இ., பி.டெக். என்று வரம்பு போடும். அந்தக் கதவு ஒன்று மூடினால் வேறு கதவுகள் இருக்கின்றன. கடலூர் பெரியார் அரசு கலைக் கல்லூரியில் படித்தாலும், லாஸ்பேட்டை தாகூர் கலைக் கல்லூரியில் படித்தாலும், பிள்ளைச்சாவடியில் இருக்கும் புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் படித்தாலும் டிசிபி (கணினிகள் நெட்வொர்க்கில் பேசிக்கொள்ளும் நெறிமுறை) ஒன்றேதான்.

மேலே படிக்க ஆசையிருந்தால் எம்.சி.ஏ. நல்ல வழி. அது தவிர மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சிஸ்டம், நெட்வொர்க், பாதுகாப்பு மூன்றையும் சேர்த்து முதுநிலை டிப்ளமோ நடத்துகிறது. சி-கேட் என்ற நுழைவுத் தேர்வு எழுதிச் சேர வேண்டும். என் பார்வையில், தனியார் பயிற்சி நிலையத்தில் பெரிய தொகை கட்டும் முன்னால் இதை ஒரு தடவை விசாரித்துவிடுங்கள்.

முதல்ல எதைக் கத்துக்கிறது? யூடியூப் பார்த்தா தலை சுத்துது.

நான்கே விஷயம், இந்த வரிசையில்: லினக்ஸ் கட்டளைகள், டிசிபி/ஐபி, பைதான், எஸ்க்யூஎல் (தரவுத்தளத்திடம் கேட்கும் மொழி). ஹேக்கிங் கருவிகளோடு வரும் 'காலி' என்ற லினக்ஸைப் போட்டுக்கொண்டு கருவிகளின் பெயரை மனப்பாடம் செய்வதில் ஆரம்பிக்காதீர்கள்.

டிசிபியைப் புத்தகத்தில் மட்டும் படித்தால் நிற்காது. நெட்வொர்க்கில் போகிற வருகிறதை வரி வரியாகக் காட்டும் வயர்ஷார்க் இலவசம். ஜெரால்ட் கோம்ப்ஸ் 1998-இல் எத்தீரியல் என்ற பெயரில் வெளியிட்டது. 2006-இல் பெயர் மாறியது. அதை ஓடவிட்டுவிட்டு பிரவுசரில் ஏதாவது ஒரு தளத்தைத் திறங்கள். முதலில் 53-ஆம் போர்ட்டுக்கு ஒரு டிஎன்எஸ் கேள்வி போகும், 'இந்தப் பெயருக்கு முகவரி என்ன' என்று. பதில் வந்ததும் உங்கள் மெஷின் 443-ஆம் போர்ட்டுக்கு 'சின்' அனுப்பும், அந்தப் பக்கம் 'சின்-ஆக்' திருப்பும், இங்கிருந்து 'ஆக்' போகும். அதற்குப் பிறகுதான் டிஎல்எஸ் (பேச்சை மறையாக்கும் நெறிமுறை) பேச்சுவார்த்தை. புதிய பிரவுசர்கள் சில தளங்களுக்கு யூடிபி வழியே க்விக் நெறிமுறையில் போகும். அப்போது 'சின்' தென்படாது. வேறு தளத்தைத் திறந்து பாருங்கள்.

இந்த மூன்று வரியையும் உங்கள் திரையில் நீங்களே பார்த்து, எது எந்த நேரத்தில் வந்தது என்று நோட்டில் எழுதினீர்கள் என்றால், போர்ட் ஸ்கேன், ஃபயர்வால், நடுவில் நின்று ஒட்டுக்கேட்பது எல்லாம் பிறகு தானாகப் புரியும்.

எங்கிட்ட பழைய லேப்டாப்தான் இருக்கு. லேப் போட முடியுமா?

8 ஜிபி ரேம் இருந்தால் தாராளம். கணினிக்குள் வேறு கணினியை ஓட்டும் விர்ச்சுவல் பாக்ஸ் போட்டு அதற்குள் இரண்டு மெஷின்: ஒன்று சாதாரண லினக்ஸ், இன்னொன்று வேண்டுமென்றே ஓட்டைகளோடு செய்த மெட்டாஸ்பிளாய்டபிள். இரண்டையும் 'ஹோஸ்ட் ஒன்லி' நெட்வொர்க்கில் வையுங்கள். அப்போதுதான் ஓட்டை மெஷின் வெளியே தெரியாது. வலைத்தளப் பயிற்சிக்கு, அதே போல ஓட்டைகளோடு செய்த ஜூஸ் ஷாப் தளம் போதும்.

4 ஜிபிதான் இருக்கிறது என்றால் ஓவர்-தி-வயர் தளத்தின் பேண்டிட் விளையாட்டு, போர்ட்ஸ்விக்கர் வலைப் பாதுகாப்புப் பாடங்கள், பிகோ சிடிஎஃப் மூன்றும் பிரவுசரும் ஒரு டெர்மினலும் இருந்தால் நடக்கும். மூன்றும் இலவசம். பேண்டிட் கடைசி நிலைவரை போய்விட்டால் லினக்ஸ் உங்கள் கைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

நான் தமிழ் மீடியம். இங்கிலீஷ் வராம இந்த வேலை செய்ய முடியுமா?

கற்றுக்கொள்வதற்குத் தமிழ் போதும். வேலை செய்ய, ஆங்கிலத்தில் படிக்கவும் எழுதவும் தெரிய வேண்டும். கையேடு, பிழை அறிவிப்பு, அறிக்கை எல்லாம் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. மேடையில் பேசுகிற ஆங்கிலம் வேண்டாம். 'இந்தப் பக்கத்தில் இதைச் செய்தேன், இது நடந்தது, இதனால் இந்த ஆபத்து, இப்படிச் சரிசெய்யலாம்' என்று நான்கு வாக்கியம் தெளிவாக எழுத வந்தால் சரி.

தினம் ஒரு சிவிஇ (மென்பொருள் ஓட்டைகளை எண் போட்டு வெளியிடும் பட்டியல்) அறிவிப்பைப் படித்து, அதைத் தமிழில் நோட்டில் எழுதுங்கள்; மறுநாள் உங்கள் தமிழைப் பார்த்து ஆங்கிலத்தில் எழுதுங்கள். இரண்டு மொழியும் தேறும், விஷயமும் மனதில் தங்கும். வீட்டில் இடம் இல்லை என்றால் புதுச்சேரி ரோமன் ரோலண்ட் நூலகம் போல உட்கார்ந்து எழுதுவதற்கு நல்ல இடம் வேறு இல்லை.

பக்கத்து வீட்டு வைஃபைல ட்ரை பண்ணலாமா? சும்மா கத்துக்கத்தானே?

கூடாது. உரிமையாளர் அனுமதி இல்லாமல் அடுத்தவர் கணினிக்குள்ளோ நெட்வொர்க்குக்குள்ளோ நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43-ஆம் பிரிவில் வருகிறது. நஷ்டஈடு கட்ட வேண்டும். அதையே நேர்மையற்ற நோக்கத்தோடு செய்தால் 66-ஆம் பிரிவு: 3 வருஷம்வரை சிறை, அல்லது 5 லட்சம்வரை அபராதம், அல்லது இரண்டும். அரசு 'பாதுகாக்கப்பட்ட அமைப்பு' என்று அறிவித்தவற்றில் கைவைத்தால் 70-ஆம் பிரிவில் 10 வருஷம்வரை போகும். 'கத்துக்கத்தான் செஞ்சேன்' என்று ஸ்டேஷனில் நிரூபிப்பது உங்கள் பொறுப்பாகிவிடும். வேலையில் சேரும்போது காவல்துறைச் சரிபார்ப்பும் உண்டு. ஒரு வழக்கு போதும், இந்தத் துறை மொத்தமாகக் கதவைச் சாத்திவிடும்.

அனுமதி என்றால் எழுத்தில் இருக்க வேண்டும். எந்த மெஷின், எந்த முகவரி, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, என்னென்ன செய்யலாம், யார் கையெழுத்து. நாங்களும் இந்தத் தாள் இல்லாமல் ஒரு கட்டளைகூடத் தட்டுவதில்லை. உங்கள் வீட்டு ரவுட்டர் உங்களுடையது. அதில் தாராளமாகச் சோதியுங்கள்.

எங்க காலேஜ் வெப்சைட்ல ஓட்டை இருக்குண்ணா. ஃபீஸ் ரசீது நம்பரை மாத்தினா அடுத்தவன் ரசீது வருது. என்ன செய்றது?

முதலில் நிறுத்துங்கள். ஒரு ரசீது தெரிந்ததே ஓட்டை இருப்பதற்குப் போதுமான ஆதாரம். 'எத்தனை பேருடையது வருகிறது பார்ப்போம்' என்று ஸ்கிரிப்ட் எழுதி ஆயிரம் ரசீதை இறக்கினால், முந்தின பதிலில் சொன்ன சட்டத்துக்குள் நீங்களே நடந்து போகிறீர்கள். இந்த மாதிரி ஓட்டை உலகம் முழுக்க இருக்கிறது. வலைத்தள ஆபத்துகளைத் தொகுக்கும் ஓவாஸ்ப் அமைப்பின் 2021 பட்டியலில் அனுமதிக் கட்டுப்பாடு சரியில்லாததுதான் முதல் இடம். லாகின் ஆகியிருக்கிறாரா என்று நிரல் பார்க்கிறது. இந்த ரசீது அவருடையதா என்று பார்க்கவில்லை.

அடுத்தவர் விவரத்தை மறைத்து ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, எப்படி வந்தது என்று எழுதி, துறைத் தலைவரிடம் கொடுங்கள். நண்பர்கள் குழுவில் போடாதீர்கள். கல்லூரிப் பக்கம் யாரும் கண்டுகொள்ளவில்லை என்றால், கணினிப் பாதுகாப்பைப் பார்க்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்கலாம். ஓட்டைகளைப் பொறுப்பாகத் தெரிவிப்பதற்கு அங்கே முறை இருக்கிறது. அவர்கள் உரியவரிடம் பேசுவார்கள்.

கோடு எழுதறதுல பாதுகாப்புன்னா என்ன? புரியற மாதிரி ஒண்ணு சொல்லுங்க.

புதுச்சேரி உதாரணமே சொல்கிறேன். டி'கோஸ்டா என்று ஒருவர் பெயர். நடுவில் ஒற்றை மேற்கோள் குறி இருக்கிறது. ஒரு படிவத்தில் அவர் பெயரை அடித்ததும் பக்கம் பிழை காட்டி நின்றால், பெரும்பாலும் அந்த நிரல் பெயரை நேராக எஸ்க்யூஎல் வாக்கியத்துக்குள் ஒட்டுகிறது என்று அர்த்தம். அவர் பெயரில் இருந்த குறி, தரவுத்தளத்துக்கு வாக்கியம் முடிந்ததாகத் தெரிந்துவிட்டது. அவர் அப்பாவி. அதே இடத்தில் வேண்டாதவன் குறிக்குப் பின்னால் தன் கட்டளையை எழுதுவான். மேற்கோள் குறியைத் தடை செய்வது தீர்வாகாது. டி'கோஸ்டா என்ன செய்வார்? வாக்கியத்தைத் தனியாகவும் மதிப்பைத் தனியாகவும் அனுப்பும் பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட் முறைதான் தீர்வு.

பெரியவர்கள் எழுதிய நிரலிலும் இதே வகைக் கோளாறு வரும். 2014-இல் வந்த ஹார்ட்பிளீட் அப்படித்தான். இணையப் பேச்சை மறையாக்கும் ஓப்பன் எஸ்எஸ்எல் மென்பொருளில் 'உயிரோடு இருக்கிறாயா' என்று கேட்கும் சின்னச் செய்தி உண்டு. கேட்பவர் சில எழுத்துகளை அனுப்பி, 64 கேபி அனுப்பியதாகச் சொன்னால், சர்வர் சரிபார்க்காமல் தன் நினைவகத்திலிருந்து 64 கேபி எடுத்துக் கொடுத்துவிடும். அதில் கடவுச்சொல் இருக்கலாம், ரகசியச் சாவியே இருக்கலாம். விட்டுப்போனது ஒரே ஒரு அளவுச் சோதனை. வெளியிலிருந்து வருவதை அளந்து பார், வந்தவர் யார் என்று கேள், அவருக்கு இது உண்டா என்று கேள். என் குழுவில் நிரலைப் பரிசீலிக்கும்போது இந்த மூன்றைத்தான் முதலில் தேடுவோம்.

எந்த சர்டிஃபிகேட் வாங்கணும்? ஒரு இன்ஸ்டிட்யூட்ல லட்ச ரூபா கேக்கறாங்க, நூறு பர்சன்ட் வேலைன்னு சொல்றாங்க.

'நூறு சதவீதம் வேலை' என்று சொல்லும் இடத்தில், எழுத்தில் கொடுங்கள், கிடைக்காவிட்டால் பணம் திரும்ப வருமா என்று கேளுங்கள். பதில் அங்கேயே தெரிந்துவிடும்.

நெட்வொர்க் அடிப்படைக்கு சிஸ்கோ நிறுவனத்தின் சிசிஎன்ஏ நல்ல படிப்பு. தேர்வு எழுதாவிட்டாலும் அதன் பாடத்திட்டத்தை முழுக்கப் படியுங்கள். பாதுகாப்புக்கு செக்யூரிட்டி பிளஸ். ஊடுருவிச் சோதிக்கும் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஓஎஸ்சிபி மரியாதையான தேர்வு. கிட்டத்தட்ட 24 மணி நேரம் மெஷின்களை உடைத்து, அடுத்த 24 மணி நேரத்தில் அறிக்கை எழுதிக் கொடுக்க வேண்டும். அறிக்கை சரியில்லை என்றால் உடைத்ததற்கு மதிப்பெண் கிடைக்காது. சிஐஎஸ்எஸ்பி-யை இப்போது நினைக்காதீர்கள், அதற்கு 5 வருஷ வேலை அனுபவம் கேட்பார்கள். பட்டம் இருந்தால் ஒரு வருஷம் கழியும். வீட்டில் கடன் வாங்கி எதையும் எழுதாதீர்கள். முதல் வேலைக்குப் போன பிறகு பல கம்பெனிகள் தேர்வுக் கட்டணத்தைத் தாங்களே கட்டுகின்றன.

கடலூர், பாண்டியிலேயே வேலை கிடைக்குமா? சென்னைக்குப் போயே ஆகணுமா?

முதல் இரண்டு மூன்று வருஷம் சென்னையோ பெங்களூரோ போவதில் நியாயம் இருக்கிறது. பெரிய நெட்வொர்க், வகைவகையான தாக்குதல், சொல்லிக்கொடுக்கும் மூத்தவர்கள் அங்கே அதிகம். பாண்டியிலிருந்து ஈசிஆரில் பஸ் ஏறினால் சில மணி நேரம்தான். வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்துவிடலாம்.

ஆனால் இங்கே வேலையே இல்லை என்று சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வேலை வேறு பெயரில் இருக்கிறது. ஆஸ்பத்திரிகளில், கல்லூரிகளில், ஹோட்டல்களில், கூட்டுறவு வங்கிகளில் 'சிஸ்டம் அட்மின்' என்று ஒருவரை வைத்திருப்பார்கள். ஃபயர்வால், பேக்கப், சிசிடிவி, பில்லிங் மென்பொருள் எல்லாம் அவர் தலையில்தான். பெரிய கம்பெனியில் ஐந்து பேர் பிரித்துச் செய்வதை அவர் ஒருவரே செய்கிறார். இரண்டு வருஷம் கண் திறந்து செய்தால் அது பெரிய படிப்பு. விழுப்புரம் மாவட்டம் வானூர் பக்கம் திருச்சிற்றம்பலத்தில் 2024-இல் மினி டைடல் பூங்கா திறந்தார்கள். பாண்டிக்கு மிகப் பக்கம். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவர்களும் நம் தெருக்களில் பெருகிவிட்டார்கள்.

சிப்காட், நெய்வேலி மாதிரி இடத்துல இந்த வேலை இருக்கா? அங்க மெஷின்தானே ஓடுது?

அந்த மெஷினை ஓட்டுவதே சின்னக் கணினிகள்தான். கடலூர் சிப்காட்டின் ரசாயன ஆலைகள், நெய்வேலி என்எல்சி-யின் சுரங்கமும் அனல்மின் நிலையங்களும் மாதிரியான இடங்களில் வால்வைத் திறப்பது, வெப்பத்தை அளப்பது எல்லாம் பிஎல்சி என்ற கட்டுப்பாட்டுப் பெட்டிகளின் வேலை. ஆலைகளில் பரவலாக இருக்கும் மோட்பஸ் என்ற நெறிமுறை 1979-இல் பிறந்தது. அதில் 'நீ யார்' என்ற கேள்வியே கிடையாது. கட்டளை வந்தால் செய்துவிடும். அதனால் அந்த நெட்வொர்க்கை ஆபீஸ் நெட்வொர்க்கிலிருந்து பிரித்து வைப்பதே பெரிய கலை. கூடங்குளத்தில் 2019-இல் நிர்வாக நெட்வொர்க் கணினி ஒன்றில் தீநிரல் இருந்ததை அணுமின் கழகமே ஒத்துக்கொண்டது. அணு உலையை இயக்கும் அமைப்பு தனியாகப் பிரிக்கப்பட்டிருப்பதாகவும் சொன்னது. அந்தப் பிரிவு எவ்வளவு முக்கியம் என்று இதில் தெரிகிறது.

இதில் இறங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஆபீஸில் செய்வது போல, ஓடிக்கொண்டிருக்கும் ஆலை நெட்வொர்க்கில் என்மேப் (திறந்த போர்ட்களைத் தேடும் கருவி) ஓடவிடாதீர்கள். பழைய பிஎல்சி எதிர்பாராத பாக்கெட் வந்தால் உறைந்து நின்றுவிடும். அங்கே ஒரு பம்பு நிற்பது விளையாட்டில்லை. மின்னணுவியல், கருவியியல் படித்த பிள்ளைகள் நம் மாவட்டத்தில் நிறைய இருக்கிறார்கள். அவர்கள் நெட்வொர்க்கையும் கற்றுக்கொண்டால், கணினி மட்டும் படித்தவர்களைவிட இந்த இடத்துக்குப் பொருத்தமானவர்கள். இந்த ஊருக்கென்றே அமைந்த வாய்ப்பு இது என்று உறுதியாக நினைக்கிறேன்.

சம்பளம் எவ்வளவு வரும்?

ஊர், கம்பெனி, வேலைவகை பொறுத்து மாறும். தொகையைவிட மூன்றைக் கேட்டுவிட்டுச் சேருங்கள்: ஒன்று, இத்தனை வருஷம் விலக மாட்டேன் என்ற பாண்டு உண்டா (உண்டென்றால் எத்தனை வருஷம், உடைத்தால் எவ்வளவு); இரண்டு, இரவுப் பணிக்குத் தனிப்படி உண்டா; மூன்று, அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்வார்களா. மூன்றாவதற்கு 'ஆமாம்' என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

நாங்க பண்ருட்டிங்க. பொண்ணுக்கு சென்னைல எஸ்ஓசி வேலை வந்திருக்கு, நைட் ஷிஃப்ட்டுன்னு சொல்றா. அனுப்பலாமா தம்பி?

அனுப்புங்கம்மா. எஸ்ஓசி என்பது முதல் கேள்வியில் சொன்ன லாக் வரிகளை இருபத்துநாலு மணி நேரமும் பார்க்கும் அறை. ஷிஃப்ட் மாறிமாறி வரும். எல் 1 என்ற முதல் படியில் ஒன்றிரண்டு வருஷம் இருந்து, எல் 2-வுக்குப் போகப் போக இரவு குறையும். பொண்ணு நிரல் எழுதவும் கற்றுக்கொண்டால், எச்சரிக்கைகளைத் தானாக வடிகட்டும் ஸ்கிரிப்ட் எழுதும் பக்கம் போகலாம்; அங்கே பெரும்பாலும் பகல் வேலை.

கேட்க வேண்டியது: வீட்டு வாசல்வரை வண்டி உண்டா, இரவில் கூடப் பாதுகாவலர் வருவாரா, ஒரு மாதத்தில் எத்தனை இரவு. இதைப் பொண்ணையே கம்பெனியிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இன்டர்வியூல என்னண்ணா கேப்பாங்க?

நான் எல்லோரிடமும் கேட்பது ஒரே கேள்வி: 'பிரவுசரில் முகவரி அடித்து என்டர் தட்டியதிலிருந்து பக்கம் தெரியும்வரை என்ன நடக்கிறது?' வயர்ஷார்க் பயிற்சியைச் செய்தவர்கள் இருபது நிமிஷம் பேசுவார்கள். செய்யாதவர்கள் 'ரிக்வெஸ்ட் போகும், ரெஸ்பான்ஸ் வரும்' என்று நின்றுவிடுவார்கள். பதில் தெரியாத இடத்தில் 'தெரியவில்லை, ஆனால் இப்படித் தேடிப் பார்ப்பேன்' என்று சொல்கிறவரை எனக்குப் பிடிக்கும்.

ரெஸ்யூமேயில் கருவிகளின் பெயரை அடுக்குவதைவிட, கிட்ஹப்பில் நீங்களே எழுதிய ஒரு சின்ன நிரல் போதும். லாக்கைப் படித்து, எந்த ஐபி எத்தனை முறை தோற்றது என்று எண்ணிச் சொல்லும் நூறு வரிப் பைதான்கூட நல்ல சாட்சி. ஒவ்வொரு வரியும் ஏன் அங்கே இருக்கிறது என்று சொல்ல வர வேண்டும்.

பக் பவுண்டில லட்சக்கணக்குல சம்பாதிக்கறாங்களாமே, அதையே தொழிலா வச்சுக்கலாமா?

ஹேக்கர் ஒன், பக் கிரவுட் போன்ற தளங்களில் கம்பெனிகளே அனுமதி கொடுத்து ஓட்டை தேடச் சொல்கின்றன. அனுமதி எதுவரை என்று அங்கே எழுதியிருக்கும். அதைத் தாண்டினால் வைஃபை கேள்விக்குச் சொன்ன அதே சட்டம்தான். பயிற்சிக்கு அருமையான இடம். ஆனால் நீங்கள் கண்டுபிடித்ததை ஒரு மணி நேரம் முன்னால் வேறொருவர் சொல்லியிருந்தால் 'டூப்ளிகேட்' என்று ஒரு பைசா வராது. வாடகை கட்ட வேண்டியவர்கள் மாதச் சம்பளத்தை வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் இதைச் செய்யுங்கள்.

ஏஐ வந்திருச்சே, இனிமே இந்த வேலை இருக்குமா?

எல் 1 வேலையில் ஒரே மாதிரி எச்சரிக்கையைப் பார்த்து மூடும் பகுதி குறையும், அதில் சந்தேகமில்லை. அதே நேரம் ஏமாற்று மின்னஞ்சல் இப்போது பிழையில்லாத தமிழில் வருகிறது, யாரும் சரிபார்க்காத நிரல் குவிகிறது. இணையத்தில் தரவை அனுப்ப, வாங்கப் பயன்படும் கர்ல் மென்பொருளை உருவாக்கிய டேனியல் ஸ்டென்பெர்க், ஏஐ எழுதித் தந்த போலி ஓட்டை அறிக்கைகள் தங்கள் நேரத்தைத் தின்பதாகப் பல முறை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். எது நிஜம், எது பொய் என்று பிரிக்க, அது எப்படி ஓடுகிறது என்று தெரிந்தவர்தான் வேண்டும். ஏஐயைப் பயன்படுத்துங்கள், அது கொடுத்ததை லேபில் ஓட்டிப் பார்க்காமல் நம்பாதீர்கள்.

நான் ஒரு கம்பெனி சிஸ்டம் பாத்துக்கறேன். ரான்சம்வேர் அடிச்சு டேலி டேட்டா எல்லாம் லாக் ஆயிருச்சு. பணம் கட்டச் சொல்லலாமா?

பணத்தைப் பிறகு பேசலாம். முதலில் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை நிறுத்துங்கள். ஃபார்மட் செய்யாதீர்கள். முடிந்தவரை மெஷினை அணைக்காமல் வைத்திருங்கள், நினைவகத்தில் தடயம் இருக்கும். பதற்றத்தில் பேக்கப் டிரைவைக் கொண்டுவந்து அதே மெஷினில் செருகாதீர்கள், அதுவும் போய்விடும். மிரட்டல் செய்தியைப் போனில் படம் எடுத்து, நேரத்தோடு எழுதி வையுங்கள்.

செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் போட்ட உத்தரவுப்படி, இப்படிப்பட்ட சம்பவத்தை அறிந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். கடலூர்க்காரர்கள் தமிழ்நாட்டு சைபர் குற்றப் பிரிவிலும், புதுச்சேரிக்காரர்கள் அங்குள்ள சைபர் கிரைம் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். வங்கிப் பணமும் போயிருந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே அடியுங்கள், இரண்டு ஊருக்கும் அது ஒன்றுதான். சில ரான்சம்வேருக்கு 'நோ மோர் ரான்சம்' தளத்தில் இலவசத் திறவுகோல் இருக்கிறது, தேடிப் பாருங்கள். பணம் கட்டினால் தரவு வரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. கட்ட வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

அடுத்த முறைக்கு: மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு ஊரில். நம் கரையோர ஊர்களுக்கு அந்த 'வேறு ஊர்' திருச்சி, கோவை மாதிரி உள்நாட்டில் இருக்கட்டும். கடலூர் பேக்கப்பைப் பாண்டியில் வைத்தால் ஒரே புயல் இரண்டையும் எடுத்துவிடும்.

ரிப்போர்ட்ல எல்லாம் எழுதிட்டேன் சார், ஓனர் கண்டுக்கவே மாட்டேங்கறாரு. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா என்னைத்தானே கேப்பாங்க?

இந்தத் தொழிலில் எல்லோருக்கும் வரும் கஷ்டம் இது. நாற்பது ஓட்டைகளை நாற்பது பக்கத்தில் எழுதினால் அவர் படிக்க மாட்டார். மூன்றை மட்டும் எடுத்து, ஒரே தாளில் அவர் மொழியில் எழுதுங்கள். 'ஆர்டிபி இணையத்துக்குத் திறந்திருக்கிறது' என்பது அவருக்குப் புரியாது. 'பில்லிங் கம்ப்யூட்டருக்கு வெளியாட்கள் வர வழி இருக்கிறது. நின்றுபோனால் அன்றைக்கு பில் போட முடியாது. மூட அரை நாள் வேலை, செலவு இல்லை' என்றால் புரியும். செலவில்லாததை முதலில் வையுங்கள். அது முடிந்து நம்பிக்கை வந்ததும் அடுத்ததைக் கேளுங்கள்.

அப்படியும் வேண்டாம் என்றால், 'இந்த ஆபத்து எனக்குத் தெரிவிக்கப்பட்டது, இப்போதைக்குச் சரிசெய்யவில்லை' என்று தேதியோடு அவர் கையெழுத்தை வாங்குங்கள். மரியாதையாகக் கேட்டால் கோபப்பட மாட்டார்கள். பல பேர் பேனாவை எடுக்கும்போதுதான் 'சரி, எவ்வளவு ஆகும்?' என்று கேட்பார்கள். கையெழுத்துப் போட மறுத்தால், பேசியதைச் சுருக்கி அன்றைக்கே அவருக்கு மின்னஞ்சல் அனுப்பி, ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்து அதே தாளை மறுபடி எடுத்துப் போங்கள்.